தோய்க்காத சட்டை

யசிந்தா காலையில் ஆணிகளில் சட்டைகளைக் கொழுவிக்கொண்டிருப்பாள். எல்லாம் தாய்மார் போட்டுக் கழற்றிய பழைய சட்டைகள். ஒன்றில் நண்டு வெடில் மணக்கும், ஒன்றில் வியர்வை, ஒன்றில் அடுப்புப் புகை. மத்தியானம் பாய் விரித்ததும் அவரவர் தாயின் சட்டையை அவரவர் கையில் கொடுப்பாள். பிள்ளை முகத்தைப் புதைக்கும், கொஞ்ச நேரத்தில் கண் சொருகும்.

வங்காலையில் நண்டுக் கம்பனிக்கு வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றி அவள் வீட்டில் இறக்குவது என் காலை வேலை. முதல் நாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, உடுப்புக் கடையோ போட்டிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"இல்லை பிலிப்பண்ணை, நித்திரைக் கடை," என்றாள். சிரிக்கவில்லை.

பிள்ளையைச் சேர்க்க வருகிற தாயிடம் அவள் முதலில் கேட்பது அதைத்தான். "போட்ட சட்டை ஒண்டு தாங்கோ. தோய்ச்சுப்போட்டுத் தராதேங்கோ." வந்தவள் வெட்கப்படுவாள். ஊத்தைச் சட்டையை ஆர் இன்னொருத்தி வீட்டில் கொடுப்பது? ஒருமுறை ஈஸ்டருக்கு வீடு துப்புரவாக்குகிற வேகத்தில் யசிந்தாவே எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தோய்த்துவிட்டாள். அன்று மத்தியானம் எழும்பிய கத்தல் கோயிலடி வரைக்கும் கேட்டது.

நாற்பதைத் தாண்டியவள். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கே பால்வாடியில் ஆயாவாக இருந்தவள். தாயும் தம்பிமாரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். இவள் இங்கே தகப்பனின் வீடு வளவைப் பார்க்க வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஊர் கேட்டது. "நேரமில்லைங்க," என்றாளாம். அவசரத்தில் இன்னும் அந்தப் பக்கத்துப் பேச்சுத்தான் வாயில் வரும். "ஏய், மண்ணு திங்காத!" என்று அவள் கத்த, பிள்ளைகளும் வீட்டில் போய் அப்படியே கத்துகின்றன. தாய்மார் முறைப்பாட்டை என்னிடம் வைப்பார்கள். "என்ர பிள்ளை இந்தியாக்காரி மாதிரிக் கதைக்குது அண்ணை." நான் என்ன செய்ய? ஓட்டோ ஓடுகிறவன்.

தொடங்கும்போது அவளிடம் ஒரு பெரிய அறையும், ஒரு அலுமாரியும், வேலியில் கட்டிய பெயர்ப் பலகையும்தான். "தாய் உயிரோட இருக்கேக்க ஆரும் பிள்ளையைக் காசு குடுத்து விடுவினமே?" என்றது ஊர். காலையில் பாயை விரிப்பாள், பின்னேரம் சுருட்டுவாள். பிறகு எமிலியானுஸின் பெண்சாதி சுவேதினி தன் மகள் வேணுஜாவைக் கொண்டுவந்து விட்டாள். அவள் விட்டாள் என்று மற்றவர்களும் விட்டார்கள்.

யசிந்தா விட்ட பிழை, காற்றை நினைக்காததுதான். சோளகக் காற்று எழும்பினால் எங்கள் பக்கத்துக் கடலில் வலை போட இயலாது. ஆண்கள் வெள்ளாங்குளப் பக்கக் கரைக்குப் போய் வாடிக் குடில் அடித்துத் தங்குவார்கள். சமைக்கப் பெண்கள் போவார்கள், பின்னால் பிள்ளைகளும் போகும். காற்று மாறித்தான் திரும்புவார்கள். எங்களுக்கு இது பிறந்த நாள் முதல் தெரிந்த காரியம். முகாமில் வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்? அங்கே சனம் எங்கேயும் போக முடியாது. முதல் வருசம் ஆணிகள் ஒவ்வொன்றாய் வெறுமையாக, "என்னில ஏதும் பிழையோ அண்ணை?" என்று கேட்டாள்.

"உன்னில இல்லை, காத்தில," என்றேன்.

அந்த மாதங்களில் என் ஓட்டோவில் அந்தக் கரையிலிருந்து வருகிற மீன் பெட்டிதான் ஏறும். அவள் படலையடியில் நின்று ஒருநாள் மறித்தாள். "பிள்ளையள் இல்லாட்டியும் ஹோர்னை அடிச்சிட்டுப் போங்கோ." அன்றிலிருந்து அடிக்கிறேன். படலை திறக்கிற சத்தம் கேட்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த வருசம் சோளகம் முந்திவிட்டது. எல்லாரும் போக, வேணுஜா மட்டும் மிஞ்சினாள். "இவள் ஒருத்தி நிண்டாலும் படலை திறந்திருக்கும் அண்ணை. இவளும் போனா, நான் பூட்டிப்போட்டு அங்கால அம்மாவிட்டப் போயிடுவன். பிறகு வரமாட்டன்," என்றாள் யசிந்தா. பகிடிக்குச் சொல்கிற ஆள் இல்லை.

போன கிழமை சுவேதினியை நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். வேணுஜா மடியில். படலைக்குள் கால் வைத்ததும் சொல்லிவிட்டாள். "அக்கா, நாளைக்கு வெளிக்கிடுறம். அவர் வாடியில தனிய நிக்கிறார்."

யசிந்தா கடைசி ஆணியில் இருந்த சட்டையை எடுத்து மடித்து நீட்டினாள். "தோய்க்கேல்லை," என்றாள்.

சுவேதினி வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"என்னடி?"

"ஞாயிற்றுக்கிழமையில வீட்டில படுக்கிறாளில்லை அக்கா. நான் பக்கத்தில கிடந்தாலும் அழுகைதான். உங்களைத் தேடுறாள்." நிலத்தைப் பார்த்தாள். "உங்கட சட்டை ஒண்டு தாங்கோ. தோய்க்காதது. காத்து மாறக் கொண்டந்து தாறன்."

"அப்ப நான் இஞ்ச நிக்கமாட்டன்."

"நல்ல கதை! ஆரிட்ட நான் சட்டையைத் திருப்பிக் குடுக்கிறது?"

யசிந்தா உள்ளே போனாள். அலுமாரி திறந்தது, மூடியது. வாசலுக்கு வந்து, "எல்லாம் தோய்ச்சதுதான் கிடக்கு," என்றாள். பிறகு ஏதோ நினைத்துத் திரும்பவும் உள்ளே போனாள். வரும்போது வேறு சட்டை போட்டிருந்தாள். கழற்றிய சட்டை கையில் இருந்தது.

"காத்து மாறக் கொண்டந்து தா," என்று கொடுக்க நீட்டிய கையைப் பாதியில் மடக்கினாள். அந்தச் சட்டையைத் தன் முகத்தோடு சேர்த்து, ஒருதரம் மோந்து பார்த்தாள்.