வந்தவனுக்குச் சாம்பல் ஜாய்ஸ்டிக்

போன செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட நாட்களில் நான் உயிரை விட்டு ஆடிய ஒரு சண்டை கேம், புதுக் கன்சோலுக்காகப் படமெல்லாம் பளபளப்பாக்கி மறுபடி வந்திருக்கிறது. வாங்கி ஒரு வாரம் ஆகிறது. ஆனாலும் மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆடுகிற நேரத்தைவிட, ஆடியவர்களின் கருத்தைப் படிக்கிற நேரம்தான் எனக்கு எப்போதும் ஜாஸ்தி.

ஒருவன் எழுதியிருந்தான்: எதிரியின் அடி வந்து விழுகிற அதே கணத்தில் முன்பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் அடி விழுவதே இல்லை, இது ஏமாற்று வேலை, இதை எடுத்துவிட வேண்டும். அவனுக்குக் கீழே வரிசையாக ஆமாம், ஆமாம், எடுங்கள், எடுங்கள். அதற்கும் கீழே கேமைச் செய்தவர்களின் பதில். 'இந்த முன்தட்டு கேமின் முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. பயின்று பழகியவர்களுக்காக நாங்களே வைத்தது. ஆனால் பலருக்கும் பிடிக்காததால் அடுத்த அப்டேட்டில் நீக்குகிறோம்.'

முதல் பதிப்பிலிருந்தே. அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அப்படியென்றால் தீர்த்தன் ஏமாற்றவில்லை.

பத்து வருடம் கழித்து, பிசைந்த சாம்பார் சோற்றில் கையை வைத்தபடி, எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. எனக்கு வேலையே மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது. அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். சிரிக்க வேண்டுமென்றால் இந்த இடத்திலேயே சிரித்துவிடுங்கள், இனி அவ்வளவாகச் சிரிப்பு வராது.

தீர்த்தன் யார் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் நாங்கள் கேம் ஆடிய அந்தக் கடையைச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒரே அறை. கீழேயிருந்து ஜெராக்ஸ் மையின் சூட்டு வாசனை படியேறி வரும். அதோடு கடைக்காரர் பாஸ்கர் அண்ணன் ஏற்றி வைத்த ஊதுபத்தியும், பத்துப் பதினைந்து பையன்களின் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். கரும்பு வெட்டுகிற மாதங்களில் ஜன்னல் வழியே லாரிகளின் கரும்புச் சாறு வாசனையும் புளித்துப்போய் உள்ளே வரும். இன்றைக்கும் எந்த ஊர் ஜெராக்ஸ் கடையில் நின்றாலும் என் கட்டைவிரல் தானாக அசைகிறது. கடைக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

கேமில் இருந்த சண்டைக்காரர்களின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே வைத்தோம். முடியை உச்சியில் முடிந்திருந்தவன் கொண்டை. சாட்டையோடு வருகிறவள் பாம்புக்காரி. குண்டாக, மெதுவாக, அடிக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிறவன் மூட்டை. இவர்களில் யார் பெரியவன் என்பதுதான் எங்களுக்கு அரசியல், மதம், எல்லாமும். பாம்புக்காரி சாயங்காலத்தில்தான் நன்றாக ஆடுவாள் என்று ஒரு கட்சி. என் வகுப்புத் தோழன் ரஃபி, இன்னொரு கட்சியின் தலைவன். "வோல்டேஜ் கம்மியா கீது மச்சான், கொண்டை இப்ப எழுந்திருக்க மாட்டான் பாரு" என்று மின்விசிறியைக் காட்டிச் சொல்வான். விசிறி மெதுவாகச் சுற்றினால் கொண்டையும் மெதுவாக அடிப்பான் என்பதை நாங்கள் எல்லோருமே நம்பினோம். பதினோராம் வகுப்பில் நான் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாக் கட்சியும் ஒன்று. மூட்டை வேஸ்ட்.

ஜாய்ஸ்டிக் இரண்டு. ஒன்று கறுப்பு, புதுசு. இன்னொன்று சாம்பல் நிறம், பழசு. கடையின் சட்டம் ஒன்றே ஒன்று: ஜெயித்தவன் எழுந்திருக்க வேண்டாம், கறுப்பு அவன் கையிலேயே இருக்கும். அவனோடு மோத வருகிறவனுக்குச் சாம்பல். சாம்பலில் அடியைத் தடுக்கிற பட்டன் வேலை செய்யவில்லை என்று தோற்றவர்கள் புலம்புவார்கள். பாஸ்கர் அண்ணன் தலையைக்கூடத் திருப்ப மாட்டார். "தோத்தவன் எவன்டா ஜாய்ஸ்டிக்க நல்லதுன்னு சொல்லிக்கீறான்? அடுத்த ஆளு வா" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் வருகிறவனுக்குக் கறுப்பு. அதனால் நான் எங்கள் மாதா கோவிலில் ஆறு மணிப் பூசைக்குப் போவேன். பூசை முடிந்து நேராகக் கடை. மற்ற பையன்கள் எட்டரை மணிப் பூசை, அல்லது தூக்கம், அல்லது வயல் வேலை முடித்து வருவதற்குள் நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். குளிரிலும் மழையிலும் விடியற்காலையில் எழுந்து கோவிலுக்கு ஓடுகிற பிள்ளையைப் பார்த்து, இவனைச் சாமியாருக்குப் படிக்கக் குருமடத்தில் சேர்த்துவிடலாமா என்று எங்கள் அம்மா பங்குச் சாமியாரிடம் கேட்டே விட்டார். சாமியார் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொஞ்சம் பொறுங்கம்மா என்றார். விவரமான மனிதர்.

கறுப்பு கையில் இருந்ததால் ஜெயித்தேன். ஜெயித்ததால் கறுப்பு கையில் இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் உதிர்த்த கருத்துகளை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. கொண்டையைப் போல வராது, தடுக்கத் தெரியாதவன் சண்டைக்கு வரக்கூடாது, ஆட்டம் என்பது பொறுமை. தடுக்கிற பட்டன் என்னிடம் இருந்தது, எதிரில் இருந்தவனிடம் இல்லை. நான் பொறுமையைப் பற்றி வகுப்பெடுத்தேன். பையன்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள்.

தீர்த்தன் என் வகுப்புதான். கல்வராயன் மலையில் வெள்ளிமலையையும் தாண்டிப் போகிற ஒரு ஊர். விடுதியில் தங்கிப் படித்தான். அதிகம் பேச மாட்டான். பேசினால், எதிரில் இருப்பவன் முடிக்கும்வரை காத்திருந்து பேசுவான். இந்தப் பழக்கம் எங்கள் யாருக்கும் இல்லாததால் அவன் மந்தம் என்று முடிவுகட்டியிருந்தோம். கடைக்கு வந்த முதல் சில வாரம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தான். பிறகு ஆட வந்தான். சாம்பலை வாங்கிக்கொண்டு மூட்டையைத் தேர்ந்தெடுத்தான். மொத்த அறையும் சிரித்தது. தோற்றான். அடுத்த ஞாயிறும் தோற்றான். தோற்றுவிட்டு ஜாய்ஸ்டிக்கைக் குறை சொல்லாமல் எழுந்துபோன ஒரே ஆள் அவன்தான்.

பொங்கல் கழிந்து வந்த ஞாயிறு. அறை நிறைந்திருந்தது. நான் கொண்டை, அவன் மூட்டை. நான் ஓங்கிக் குத்தினேன். மூட்டை பின்வாங்கவில்லை, அரையடி முன்னால் வந்தான். ணங்கென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி. அடி விழவில்லை. மறுபடி குத்தினேன், மறுபடி ணங். என் கை ஓய்ந்த நேரத்தில் மூட்டை மூச்சு வாங்கி, ஒரே போடு. தோற்றும் கறுப்பை விடாமல் மூன்று ஆட்டம் ஆடினேன். மூன்றும் அப்படியே.

எனக்குப் புரியாத ஒன்றை ஒருவன் செய்கிறான் என்றால் இரண்டு வழி இருக்கிறது. எப்படி என்று கேட்கலாம். நான் இரண்டாவது வழியைப் பிடித்தேன்.

"டேய், இது டுபாக்கூர் ஆட்டம்டா. இவன் ஏதோ பண்ணிக்கினு கீறான்" என்றேன்.

"மலையிலேர்ந்து மந்திரிச்சு எடுத்தாந்துட்டான் மச்சான்" என்றான் ரஃபி. சிரிப்பு கூரையைத் தொட்டது. எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. தோற்றது அதில் மறைந்துவிட்டது.

தீர்த்தன் எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தான். "முன்னால தட்டுறேன், அவ்ளோதான். அடி வரும்போது தட்டணும். இந்தா, நீயே தட்டிப் பாரு" என்று சாம்பலை என்னிடம் நீட்டினான்.

வாங்கி ஒரே ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். நான் வாங்கவில்லை. "முன்னால போனா அடி வாங்குவானா, தப்பிப்பானா? யார்கிட்ட கத வுடற?" என்றேன். பாஸ்கர் அண்ணன் வந்து சாம்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வயரை இழுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஞாயிறு தவறாமல் முதலில் வருகிற ஆள் நான். "தம்பி, எனக்கு வம்பு வேணாம். நீ கொஞ்ச நாளு இந்தப் பக்கம் வராத" என்று தீர்த்தனிடம் சொன்னார். அவன் ஜாய்ஸ்டிக்கை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். நாங்கள் அடுத்த ஆட்டத்தை ஆரம்பித்தோம்.

டுபாக்கூர் என்ற பெயர் திங்கட்கிழமையே வகுப்புக்கு வந்துவிட்டது. அவன் கணக்கில் நல்ல மார்க் வாங்கியபோது பின்பெஞ்சிலிருந்து அந்தப் பெயர் ஒலித்தது. சாரும் சிரித்துவிட்டு அவன் விடைத்தாளை இன்னொரு முறை புரட்டினார். பன்னிரண்டாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. நான்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். நான் காரணமில்லை என்று சொல்லவும் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வாய் வரவில்லை.

சோற்றை அப்படியே மூடிவிட்டு ரஃபிக்கு ஃபோன் போட்டேன். ரஃபி இப்போது கள்ளக்குறிச்சியில் செல்ஃபோன் கடை வைத்திருக்கிறான். ஊரில் எல்லாருடைய நம்பரும் அவனிடம் இருக்கும்.

"தீர்த்தன் நம்பர் இருக்குதாடா?"

"எந்தத் தீர்த்தன்? நம்ம டுபாக்கூரா? இரு, அனுப்பறேன். இப்ப பிக்கப் வண்டி ஓட்டிக்கினு கீறான். மலையிலேர்ந்து மரவள்ளி, கடுக்காயெல்லாம் எறக்கறான். ரீசார்ஜுக்கு இங்கதான் வருவான். இன்னா, திடீர்னு?"

நம்பர் வந்தது. மேலே அவன் பதிந்து வைத்திருந்த பெயர்: டுபாக்கூர் கல்வராயன். அந்தக் கடையிலேயே ரீசார்ஜ் செய்கிற ஒருவனுக்கு, பத்து வருடம் முன்னால் நான் ஒரு நிமிடக் கோபத்தில் வைத்த பெயர், இன்னும் அழியாமல் ஒரு ஃபோனில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ரஃபி மேல் கோபம் வந்தது. அது அங்கேயே நிற்கவில்லை. யாருக்கோ பிடிக்கவில்லை என்று கூட்டம் சேர்ந்து கத்தி, கேமிலிருந்து ஒரு நல்ல வித்தையைப் பிடுங்க வைத்த அந்த முகம் தெரியாதவர்கள் மேல் வந்தது. பிறகு திரும்பி என் மேலேயே வந்தது. அவர்கள் எழுதிய வார்த்தை ஒவ்வொன்றும் நான் பேசியதுதான்.

தீர்த்தனைக் கூப்பிட்டேன். வண்டிச் சத்தத்துக்கு நடுவே எடுத்தான். யார் என்று சொன்னேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்: முன்தட்டு கேமிலேயே இருக்கிறது, நீ ஏமாற்றவில்லை, இந்த ஞாயிறு கன்சோலோடு மலைக்கு வருகிறேன், இரண்டு புது ஜாய்ஸ்டிக், மறுபடி ஆடலாம். நான் முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"இன்னா தெரியும்?"

"நான் தப்பு பண்ணலன்னு. அத நீ எங்கிட்ட வந்து சொல்லணுமா? அன்னிக்கு அங்க நின்னவங்களுக்குத்தான் தெரியாது. அவங்ககிட்ட சொல்லு." கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. "கொண்டை ஊசி வளைவு வருது. வெக்கிறேன்."

வைத்துவிட்டான். மன்னிப்புக் கேட்பதைக்கூட ஒரு சுற்றுலா மாதிரி, என்னைக் கதாநாயகனாக வைத்துத் திட்டம் போட்டிருந்தேன்.

அந்தக் கடை இப்போது இல்லை. மாடிப்படியையே இடித்துவிட்டார்கள். பாஸ்கர் அண்ணன் வடக்கனந்தலில் கரும்பு போடுகிறார். மூட்டை, பாம்புக்காரி என்றால் திரும்பிப் பார்க்க இந்த உலகத்தில் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள், அவர்களும் திருப்பூர், சென்னை, துபாய் என்று சிதறிவிட்டார்கள். அடுத்த அப்டேட் வந்துவிட்டால் அந்த ணங் என்ற சத்தமும் இருக்காது. என் கன்சோலை நெட்டிலிருந்து கழற்றி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். முதலில் ரஃபி கடை, பிறகு வடக்கனந்தல், பிறகு மற்றவர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன். முன்தட்டைக் காட்டுவது சுலபம், ரஃபி ஒரு குத்துக் குத்தினால் தெரிந்துவிடும். அது போதாது. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லாதது, தீர்த்தனிடமும் ஃபோனில் சொல்லாமல் விட்டது.

அந்தப் பொங்கலுக்கு முன்னால், ஒரு ஞாயிறு காலையில் கடையில் நானும் பாஸ்கர் அண்ணனும் மட்டும் இருந்தபோது, அவர் சாம்பலை என் கையில் கொடுத்தார். "எல்லாப் பசங்களும் சொல்றானுங்க. நீ ஆடத் தெரிஞ்சவன், பாத்துச் சொல்லு. பட்டன் போயிருந்தா மாத்திடலாம்" என்றார். நான் அழுத்திப் பார்த்தேன். பத்து முறை அழுத்தினேன். கொண்டை ஒரு முறைகூட அடியைத் தடுக்கக் கையைத் தூக்கவில்லை.

"நல்லாதாண்ணா இருக்குது" என்றேன்.

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ரஃபி கடையில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் நிற்கும் என்றார்கள். ஆறு மணிக்கே போகிறேன்.