ஏழு வள்ளத்து மீன்

லண்டனில் மனோர் பார்க்கில் எனக்கு ஒரு சின்னக் கடை. அங்கே மாலைதீவு மாசி விற்றேன். சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்தது. கல்லுப்போல இருக்கும். சம்பலுக்கு எங்கள் ஆட்கள் தேடி வருவார்கள்.

அனுப்பியவர் அங்கே ஒரு சின்னத் தீவில் இருக்கிற பெண். லண்டனுக்கு வரமுன் அந்தத் தீவில் நான் மேசன் வேலை செய்தேன். அவர் கொழும்பில் இருந்தவர், தமிழ் பேசுவார். ஏழு வள்ளத்து ஆட்கள் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த மீனை அவரிடம் கொடுப்பார்கள். எல்லாம் ஒரே அண்டாவில் வேகும். வருகிற காசில் ஏழு வீட்டுக்கும் பங்கு. ஒன்றும் படாமல் திரும்பிய வள்ளத்துக்கும் உண்டு.

பிறகு இங்கே சட்டம் இறுகியது. எந்த வள்ளம் பிடித்த மீன் என்று பெட்டியோடு கடதாசி வரவேண்டும். என்ன எழுதுவது என்று அவர் கேட்டார். உள்ளதை எழுதச் சொன்னேன். ஏழு வள்ளத்து மீனும் கலந்தது என்று எழுதினார். விமான நிலையத்தில் பெட்டிகளை மறித்தார்கள். அழித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. என் பேச்சைக் கேட்டு வந்த வினை.

சின்னத் தீவுகளின் வியாபாரத்தைப் பற்றி இங்கே அரசாங்கத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். என்னைப் போன்ற கடைக்காரரும் வரலாம் என்றார்கள். போனேன். ஒரு மாசித் துண்டும் கொண்டுபோனேன். அங்கே இருந்த அதிகாரி அம்மா ஒருவர் கையில் வாங்கிப் பார்த்து, இது மரமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நல்ல மனுசி. பொறுமையாக விளங்கப்படுத்தினார். பெரிய கப்பல்கள் கடலை வழித்துக்கொண்டு போகின்றன, அதைத் தடுக்கத்தான் இந்தக் கடதாசி என்றார். பிழை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அண்டாவைப் பற்றிச் சொன்னேன். கலக்காமல் அவிக்க முடியாதா என்று கேட்டார்.

அதைப் போனில் மாசி அனுப்புகிறவருக்குச் சொன்னேன். ஏழு அண்டாவுக்கு விறகு இல்லை என்றார். வள்ளத்தைத் தலைநகருக்குக் கொண்டுபோய்ப் பதியவும் வேண்டும். எல்லோருக்கும் அது ஏலாது. ஒன்றைத்தான் பதியலாம்.

"எந்த வள்ளம் எண்டு நீங்களே சொல்லுங்கோ அண்ணை. நான் சொன்னா இஞ்சை இருக்க ஏலாது."

"பெரிசை எழுதுங்கோ," என்றேன்.

பெட்டிகள் வந்தன. ஒருவரும் மறிக்கவில்லை. மற்ற ஆறு வள்ளமும் அவரிடம் மீன் கொடுப்பதை நிறுத்தின. கொடுத்தாலும் அனுப்ப வழியில்லை. கொஞ்ச நாளில் பெரிய வள்ளக்காரன், கையில் கடதாசி இருக்கிற துணிவில், மீனை நேரே மாசி செய்கிற ஒரு தொழிற்சாலைக்குக் கொடுக்கத் தொடங்கினான். அண்டா காய்ந்தது.

இப்போது தொழிற்சாலைப் பாக்கெட்டுத்தான் விற்கிறேன். வாடிக்கையாக வருகிற பெண் ஒருத்தி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன அண்ணை, முந்தினதை ஒளிச்சு வைச்சிட்டு இதை எங்கட தலையில கட்டுறியளோ?"

அது இனி வராது என்றேன். ஏன் என்று கேட்டாள். மிச்சக் காசைக் கையில் கொடுத்தேன்.

பாக்கெட்டின் பின்பக்கம் வள்ளத்தின் பெயர் அச்சடித்திருக்கிறது. நான் சொன்ன அதே வள்ளம். தீவில் இருக்கிறவர் இப்போது போன் எடுப்பதில்லை. நானும் அடிப்பதை விட்டுவிட்டேன்.