அம்மா தயார், ஐயா தயாரில்லை

சிரம்பானில் ஒரு மருத்துவமனையில் நான் தாதி. காலையில் அறுவைச் சிகிச்சை முடிந்து அன்றே வீடு திரும்புகிறவர்களின் வார்டு எனக்கு. மயக்கம் தெளிந்ததா, வாந்தி நின்றதா, சிறுநீர் போனதா, தடுமாறாமல் நடக்கிறார்களா என்று பார்ப்பேன். நான் சரி என்றால்தான் டாக்டர் வந்து பார்த்து அனுப்பிவைப்பார்.

ஒருநாள் பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மார்பில் இருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். கணவர் காலையிலிருந்து வார்டு வாசலை விட்டு நகரவில்லை. மத்தியானம் அம்மா மைலோ குடித்தார், கழிவறைக்குத் தானே நடந்து போய் வந்தார். டாக்டரும் பார்த்துவிட்டார்.

"அம்மா, நீங்க வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

பையை எடுக்கக் குனிந்த கணவர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே சரிந்தார். சட்டையெல்லாம் வியர்வை. நாற்காலியில் உட்காரவைத்து விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை வெகுவாக இறங்கியிருந்தது.

"ஐயா, காலைல பசியாறினீங்களா?"



"சக்கரைக்குப் போடுற இனிப்புநீர் மாத்திரை மட்டும் போட்டிருப்பாரு மிஸ்ஸி" என்றார் அம்மா.

"நீ ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம உள்ள போன. எனக்கு மட்டும் எப்படி இறங்கும்?" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கேட்டீங்களா மிஸ்ஸி? ஆப்ரேஷன் எனக்குலா! பட்டினி இவருக்காம்!"

திட்டிக்கொண்டேதான் அம்மா அவர் நெற்றியைத் துடைத்தார். ஊசி எடுத்த இடத்தில் ஒட்டிய பஞ்சு இன்னும் அந்தக் கையில் இருந்தது. நான் சீனி கூட்டிக் கலக்கிக் கொடுத்த மைலோவில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டினார். மற்ற நோயாளிகள் பார்க்கிறார்களே என்று ஐயாவுக்குக் கூச்சம். ஆனாலும் சாப்பிட்டார்.

சர்க்கரை ஏறிவிட்டது. ஆனால் அவரைக் கார் ஓட்டவிட எனக்கு மனமில்லை. பக்கத்தில் பாரோயில் மகள் இருப்பதாக அப்போதுதான் சொன்னார்கள். பயந்துவிடுவாள் என்று அறுவைச் சிகிச்சையைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லையாம். நானே போன் போட்டேன்.

வேலையிடத்திலிருந்து ஓடிவந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா நாற்காலியில் சாய்ந்திருக்க, அம்மா பக்கத்தில் நின்று அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"ஆப்ரேஷன் யாருக்கும்மா?" என்றாள். கேட்டதும் அழுதுவிட்டாள்.

அன்று இருவரையும் தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள். கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று பரிசோதனை முடிவு வந்ததும் அவளே எனக்குப் போன் செய்தாள். போனில் அவள் குரலுக்குப் பின்னால் அம்மாவும் ஐயாவும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.