சங்கு ஊதினால் வருவேன்

காலை ஆறரைக்கு எனக்கு இன்றும் விழிப்பு வந்துவிடுகிறது. அலாரம் கிடையாது, ஒன்றும் கிடையாது. காது தானாக எதையோ எதிர்பார்த்து விழித்துக்கொள்கிறது. அந்தச் சத்தம் வராது என்று தெரிந்தும் இரண்டு நிமிஷம் சும்மா படுத்திருப்பேன். பிறகு எரிச்சலோடு எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பேன்.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் நான் ஃபிட்டராக இருந்தேன். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதோடு, காலையில் சைரன் போடுவதும் என் வேலை. எங்கள் அப்பா காலத்தில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்த சனம் நாங்கள். மில் ஊரிலிருந்து வந்தவர்கள் ஆனதால் சைரனைச் ‘சங்கு’ என்றுதான் சொல்வோம். நான் விசையை அழுத்தி மனசுக்குள் முப்பது எண்ணுவேன். ஒரே ஒரு நீள ஊதல். அது முடிவதற்குள் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் முதுகில் கூடையும் இடுப்பில் சாக்கும் கட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஏறி வருவார்கள். அங்கே பேர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டில் கொழுந்து பறிக்க வேண்டும் என்று மேஸ்திரி பிரித்து அனுப்புவார். அவ்வளவு பேரையும் என் ஒரு விரல் கிளப்பிவிடுகிறது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்தால் என்ன?

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் எழுந்திருக்கவே இல்லை. ஒருநாள் ஃபேக்டரியைப் பூட்டினார்கள். பறிக்க ஆளில்லாமல் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. ஆம்பளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போனார்கள். என் அக்கா புருஷனும் போனார், மகனையும் கூட்டிக்கொண்டு. அக்கா மட்டும் கீழ் லைனில் தனியாக இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபைக்குப் புதுப் போதகர் வந்தார். சமவெளிக்காரர், இளம் வயது, எதற்கும் ஒரு திட்டம் வைத்திருப்பார். பக்கத்து எஸ்டேட்டில் மழையில் மண் சரிந்து இரண்டு வீடு புதைந்த வாரம், ஆராதனை முடிந்ததும் எங்களை நிறுத்தி வைத்தார். “நம்ம சபையில ஒரு பேரிடர் உதவி ஊழியம் ஆரம்பிக்கலாமுங்களா?” என்றார்.

“ஏனுங்க ஐயா, நாங்களே பேரிடர்லதான் இருக்கிறோம். எங்களுக்கு யாரு ஊழியம் பண்றது?” என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவர் கோபப்படவில்லை. “அதனாலதான் அண்ணா, முதல் பேரா உங்க பேரை எழுதியிருக்கேன்” என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

எட்டுப் பேர் சேர்ந்தோம். எஸ்டேட் பள்ளியில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா வீடு வீடாகப் போய் எல்லார் பேரையும் ஒரு நோட்டில் எழுதினார். கயிறு, தார்ப்பாய், ஐக்கிய விருந்துக்குச் சமைக்கும் பெரிய அண்டாக்கள், கிறிஸ்துமஸ் சீரியல் பல்புக்கு வைத்திருந்த பழைய ஜெனரேட்டர். இதுதான் எங்கள் படை.

ஆபத்து வந்தால் சனங்களை எப்படிக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தது. கோயில் மணி அடிக்கலாம் என்றார் போதகர். மழையில் கீழ் லைனுக்கு மணி கேட்காது. கேட்டாலும், யார் செத்தது என்று விசாரித்துக்கொண்டு நிற்பார்கள். “சங்கு ஊதலாமே!” என்றேன். யாரும் கேட்காமலே எழுந்து நின்று சொன்னேன். இன்றைக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், அப்போது என் மனசில் மண்சரிவும் இல்லை, சனமும் இல்லை. இன்னொரு தடவை அந்த விசையைத் தொட வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு அப்படி ஏங்கிப்போயிருந்தேன்.

எஸ்டேட் ஆபீஸில் அனுமதி வாங்கி, கரண்ட் இல்லாமல் பூட்டிக் கிடந்த ஃபேக்டரியில் ஜெனரேட்டரைச் சங்கோடு இணைத்தேன். மூன்று நீள ஊதல் கேட்டால் எல்லாரும் கோயிலுக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதி லைன் சுவர்களில் ஒட்டினோம். ஊதிப் பார்க்கலாமா என்றதற்குப் போதகர், “சும்மா ஊதுனா சனங்க பயந்துக்குவாங்க, வேண்டாமுங்க” என்றுவிட்டார்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் கீழ் லைனுக்கு மேலே மேட்டில் ஒரு வெடிப்பு தெரிந்தது. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டோம். ஒருத்தரும் அசையவில்லை. வீட்டைக் காலி செய்தால், ஃபேக்டரி திறக்கும்போது பெரட்டில் பேர் இருக்காது என்று பயம்.

அக்கா கதவு நிலையில் கையை ஊன்றி நின்றாள்.

“உன்ற பேச்சைக் கேட்டு நான் ஊட்டை உட்டுட்டு வரணுமாக்கும்?”

“அக்கா, மேட்டைப் பாரு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மாமாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

அவள் மேட்டைப் பார்க்கவில்லை. மழைக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரி இருந்த திசையைப் பார்த்தாள். “சங்கு ஊதட்டும், வர்றேன்” என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, ஒட்டின காகிதத்தைப் படித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மழையில் விசிலடித்தபடி திரும்பினேன். எப்பேர்ப்பட்ட மடையன் நான்!

மறுநாள் விடிந்ததும் டீச்சரம்மா குடையை வீசிவிட்டு ஓடி வந்தார். வெடிப்பில் ஒரு ஆள் இறங்கி நிற்கலாமாம். அடியிலிருந்து கலங்கல் தண்ணீர் பீறிடுகிறதாம். நாற்பது கதவைத் தட்ட நேரமில்லை. நான் ஃபேக்டரிக்கு ஓடி ஜெனரேட்டரைக் கிளப்பி விசையை அழுத்தினேன்.

ஊதியது. ஐயோ, என்ன சத்தம் அது! உடம்பெல்லாம் சிலிர்த்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மனசு பழைய பழக்கத்தில் முப்பது எண்ணியது. விட்டேன். இரண்டாவது ஊதலுக்கு அழுத்தியபோது ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. கயிற்றை எத்தனை இழுத்தும் அது மசியவில்லை. ஒரே ஒரு நீள ஊதல். மணியைப் பார்த்தேன். ஆறரை.

வெளியே வந்தால் சனம் ஏறி வந்துகொண்டிருந்தது. அடேயப்பா, அத்தனை பேரும்! ஆனால் யாரும் கோயில் பக்கம் திரும்பவில்லை. நேராகப் பெரட்டுக் களத்துக்கு வந்தார்கள். முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு, தலையில் துணி. ஒருத்தி மழையிலும் பூ வைத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. தங்கள் தங்கள் பழைய இடத்தில் வரிசை கட்டி நின்றார்கள்.

டீச்சரம்மாவுக்குக் கீழே யாரும் விட்டுப்போனார்களா என்பதுதான் கவலை. நோட்டைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். “இருக்கறனுங்க”, “இருக்கறனுங்க” என்று பதில் வந்தது. அதே குரல், அதே ராகம்.

அக்கா பேருக்குப் பதில் வரவில்லை.

டீச்சரம்மா இன்னொரு தடவை கூப்பிட்டார். நான் கீழே ஓடப் பாய்ந்தேன், சங்கு கேட்டு ஓடி வந்திருந்த போதகர் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவரைத் திட்டாத வார்த்தை இல்லை. அப்போது குறுக்குப் பாதையில் செடிகளை விலக்கிக்கொண்டு ஒரு தலைத்துணி தெரிந்தது. “இருக்கறனுங்க! இருக்கறனுங்க! பரண்ல இருந்து கூடையை எடுக்க நேரமாயிருச்சுங்க!” என்று மூச்சு வாங்கக் கத்திக்கொண்டே அக்கா வந்து சேர்ந்தாள்.

அவள் வரிசையில் நின்று சேலையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே மேடு இறங்கியது. கீழ் லைன் முழுவதும் மண்ணுக்குள் போனது. ஒரு உயிர் கூடப் போகவில்லை. போதகர் சேற்றில் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு கீழே பார்த்து நின்றார்கள்.

அக்கா கீழே பார்க்கவில்லை. “எந்தக் காட்டுக்குங்க டீச்சர்?” என்று கேட்டாள்.

டீச்சரம்மா நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“வேலைக்கு இல்லக்கா. மழைக்கு ஊதினது.”

“மழைக்கா?”

“ஆமாக்கா.”

அவள் கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். “அதுக்கு மணி அடிச்சிருக்கலாமில்லடா” என்றாள். அவ்வளவுதான். உயிர் பிழைத்த அக்காவைப் பார்த்து நான் ஏன் அப்படிக் குலுங்கிக் குலுங்கி அழுதேன் என்று மற்றவர்களுக்கு விளங்கவில்லை.

அத்தனை பேரும் ஒரு மாதம் கோயில் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அண்டாக்களில் கஞ்சி காய்ச்சினோம். ஊழியம் அன்றிலிருந்து நிற்கவில்லை. எங்களைப் பார்த்துக் கோத்தகிரிப் பக்கத்துச் சபைகளும் ஆரம்பித்தன. அக்கா மாமாவோடு திருப்பூர் போய்ச் சேர்ந்தாள். கூடையை என் வீட்டில் விட்டுப் போனாள். இன்னும் ஆணியில் தொங்குகிறது. தூசி தட்டுவேன், வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

ஃபேக்டரி திறக்கவே இல்லை. ஊழியத்துக்குக் கையால் சுற்றும் புதுச் சங்கு வாங்கிவிட்டோம். அதை விட்டு விட்டுத்தான் ஊதுவோம். முப்பது எண்ணும் நீள ஊதல் கூடாது என்று நானே சட்டம் போட்டேன்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் அக்காவிடமிருந்து போன் வரும். பேரன் பேத்தி கதையெல்லாம் பேசிவிட்டு, வைக்கப் போகும்போது கேட்பாள்.

“சங்கு ஊதுச்சாடா?”

“இல்லக்கா. இந்த வருஷம் மழை கம்மிதான்.”

பல வருஷம் இப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஐப்பசியில்தான் அவள், “நான் மழையைக் கேக்கலடா” என்றாள்.