கெதியாகச் சொல்லச் சொன்னேன்

இங்கிலீசு படிப்பிக்கிற வேலையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பிழை எப்பவும் படிக்கிற ஆளின் தலையில்தான் விழும். "உன்னைவிட அவன் கெட்டிக்காரன்" என்று ரியூசனில் கேட்டுக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு இது புதிசில்லை. நானும் அப்படி வளர்ந்தவள்தான். பிறகு அதையே நானும் சொன்னேன்.

யானையும் எலியும்

ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை, யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு ரியூட்டரியில் காலை வகுப்புக்கு இங்கிலீசு படிப்பிக்கப் போட்டார்கள். ஏழு பெண்கள். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள், எல்லாருடைய புருசன்மாரும் லண்டனில். கொழும்பில் நடக்கிற இங்கிலீசுப் பேச்சுச் சோதனை பாஸ் பண்ணினால்தான் இவர்களுக்கு விசா.

ஒன்றோடொன்றை ஒப்பிட்டுச் சொல்கிற பாடம் வந்தது. எது பெரிசு, எது சின்னன். புத்தகத்தில் யானையும் எலியும். ஒருவருக்கும் ஏறவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டு பேரை எழுப்பி நிற்பாட்டி, ஆர் உயரம், ஆர் கட்டை என்று கேட்டேன். வகுப்பு கலகலத்தது. எல்லாரிலும் இளையவள் தர்சிகா சொன்னாள்: "ரீச்சர், யானையை விட எங்களை வைச்சுப் படிப்பிக்கிறதுதான் பம்பல்."

பாக்காத ஊர்

அந்த ஏழு பேரில் சுகந்தி அக்கா, ரவுணுக்குப் பக்கத்துக் கடற்கரையான கொழும்புத்துறை. வீட்டில் நண்டு வாங்கி விற்கிற ஆட்கள். கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில் புருசன் திரும்பிப் போய்விட்டார். மகளுக்கு இப்போது மூன்று வயது. தகப்பனைப் போனில்தான் தெரியும். அக்கா சோதனையில் ஏற்கெனவே ஒருதரம் பெயில்.

'யாழ்ப்பாணத்தைவிட லண்டன் நல்லது' என்று இங்கிலீசில் சொல்லச் சொன்னேன். லேசான வசனம். அக்கா யோசித்தா. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இன்னும் யோசித்தா. "என்னக்கா, நித்திரையோ? கெதியாச் சொல்லுங்கோ" என்று சொல்லியே விட்டேன்.

"நான் இன்னும் லண்டன் பாக்கேல்லையே தங்கச்சி. என்னெண்டு சொல்லுறது?"

சாப்பாட்டுப் பெட்டி

ஒருநாள் இடைவேளை. அக்கா தன்ரை சாப்பாட்டுப் பெட்டியை ஒரு கையிலும் தர்சிகாவின் பெட்டியை மற்றக் கையிலும் தூக்கினா. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றா. பிறகு எது பாரம் என்று இங்கிலீசில், ஒரு பிழையுமில்லாமல், முழு வசனமாகச் சொன்னா. திறந்து பார்த்தோம், சரி. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேனே தவிர, அந்த இடத்தில் விளங்கியிருக்க வேண்டியது எனக்கு விளங்கவில்லை. அவ சொல்லியும் விளங்கவில்லை:

"நண்டும் இப்பிடித்தான் தங்கச்சி. ரெண்டையும் தூக்கிப் பாக்காமல் வாய் திறக்கக் கூடாது. ஒருக்காப் பிழைச்சால் ஆக்கள் திரும்பி வராயினம்."

மூன்று தரம்

சோதனைக்கு ஒரு கிழமை இருந்தது. நான் கேள்வி கேட்க, அக்கா பழையபடி யோசித்துக்கொண்டு நின்றா. தர்சிகா முந்திச் சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் வந்திட்டுது. 'சுகந்தியைவிடத் தர்சிகா கெதி' என்று இங்கிலீசில் கரும்பலகையில் எழுதினேன். எல்லாரும் சேர்ந்து மூன்று தரம் சொல்லுங்கோ என்றேன். சொன்னார்கள். சிரித்தார்கள். அக்காவும் மூன்று தரம் சொன்னா.

வகுப்பு முடிந்து நான் பலகையை அழிக்கப் போக, பேனையோடு வந்து நின்றா. "கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி. வசனம் சரிதானே? கொப்பியிலை எழுதிப்போடுறன்."

தாளோடு வந்தா

சோதனை முடிந்து ஒரு கிழமையால் பெறுபேற்றுத் தாளோடு வந்தா. பெயில். இரண்டு வீட்டுப் படம் காட்டி எது பெரிசு என்று கேட்டார்களாம்.

"கேள்வி விளங்கினது. யோசிக்க வெளிக்கிட்டன், நீங்கள் மணிக்கூட்டைப் பாக்கிறது ஞாபகம் வந்திட்டுது. டக்கெண்டு சின்ன வீட்டைப் பெரிசெண்டிட்டன். பிறகு எல்லாக் கேள்விக்கும் அப்பிடித்தான்."

என்னை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஏசவில்லை. மகள் தன்ரை சட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கிறாளாம், அதை எடுக்க விடுகிறாளில்லையாம். நான் ஏதோ சொல்ல வாயெடுக்க, அவ முந்திவிட்டா:

"கெதியாத்தான் சொன்னனான் தங்கச்சி, நீங்கள் சொன்ன மாதிரியே."

அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படிப்பித்த ஆளின் பெயர் எழுத அதில் ஒரு இடமும் விடவில்லை.