பார்த்து ஆடலாம்

அட்லாண்டிக் சிட்டியில் ஒரு காசினோவின் பரிசுக் கடையில், சாவிக்கொத்துகளுக்கு நடுவில் பிட் விற்கிறார்கள். ஏடிஎம் கார்டு அளவில் ஓர் அட்டை. இருபத்தொன்றைத் தாண்டாமல் சீட்டுச் சேர்க்கும் பிளாக்ஜாக்கில் உன் கையில் இது, சீட்டுப் போடும் டீலரிடம் அது என்றால் இன்னொரு சீட்டு கேட்பதா, நிற்பதா என்று கட்டம் கட்டமாக அச்சிட்டிருக்கும். மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஆடலாம். “ஓப்பன் புக் எக்ஸாம்டா, பயப்படாத” என்றான் ஜெர்சி சிட்டியில் என் அறை நண்பன் செந்தில். நான் நம்பவில்லை. அட்டையை வாங்கி, மன்ஹாட்டன் ரயிலில் நின்றபடி மூன்று வாரம் மனப்பாடம் செய்தேன்.

காரணம் உண்டு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் யாரோ வீசிய பிட் என் பெஞ்சின் கீழ் விழுந்தது. “கையைக் காட்டுடா” என்றார் கண்காணிக்க வந்தவர். கையில் ஒன்றுமில்லை, ஆனாலும் மறுநாள் கிணறு வெட்டப் போகாமல் அப்பா பள்ளிக்கு வந்தார். ‘இனி என் மகன் இப்படிச் செய்ய மாட்டான்’ என்று யாரோ எழுதிய தாளில், படிக்கத் தெரியாமலே கைநாட்டு வைத்தார். அன்றிலிருந்து நான் எதையும் பார்த்துச் செய்வதில்லை. அலுவலகத்தில்கூடத் தெரியாததற்கும் தெரிந்தவன்போலத் தலையாட்டிவிடுவேன்.

காசினோ நடத்திய இலவசப் போட்டியில் பரிசு, கடலைப் பார்த்த அறையில் இரண்டு நாள். அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். ஊர் ஊராகத் தண்ணீர் தேடித் தோண்டிய அப்பா கடலைப் பார்த்ததில்லை. கண் விழித்ததும் ஜன்னலில் அவருக்குக் கடல் தெரிய வேண்டும் என்று ஆசை.

போட்டியில் டீலரை வென்றால் போதாது, பக்கத்து நாற்காலியையும் முந்த வேண்டும். அந்த நாற்காலியில் வால்டர் என்ற ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். கடைசி ஆட்டத்தில் அவர் என்னைவிட அதிகம் சேர்த்திருந்ததால் என் பந்தயச் சிப்புகள் அத்தனையையும் வைத்தேன். எனக்கு ஏஸும் ஏழும். ஏஸைப் பதினொன்றாகவும் எண்ணலாம், ஒன்றாகவும் எண்ணலாம் என்பதால் பதினெட்டு. டீலரிடம் தெரிந்தது ஒன்பது. மனப்பாடம் மொத்தமும் அழிந்துபோனது. இன்னொரு சீட்டு வேண்டுமா என்றார் டீலர் அம்மாள். நம் ஊர் வழக்கப்படி இப்படியும் அப்படியும் தலையை ஆட்டினேன். “தலையாட்டினா மேல இருக்குற கேமராவுக்குப் புரியாது. கையைக் காட்டுங்க” என்றார்.

கை எழவில்லை.

“பாக்கெட்ல அட்டை எட்டிப் பாக்குதுல்ல? எடுத்துப் பாருங்க” என்றார் அவரே. வால்டர் தன் அட்டையைத் தூக்கிக் காட்டினார். “நான் முப்பது வருஷமா பாத்துத்தான் ஆடுறேன். நிதானமாப் பாரு.”

நான் தோற்றால் அவருக்குத்தான் லாபம்.

எடுத்துப் பார்த்தேன். இன்னொரு சீட்டு கேள் என்றது. விரலால் மேஜையைத் தட்டினேன், ஆறு வந்தது. இப்போது ஏஸ் வெறும் ஒன்று, கூட்டினால் பதினான்கு. அட்டை மறுபடியும் கேள் என்றது. பத்து வந்தது. இருபத்தொன்றைத் தாண்டி வெளியே போய்விட்டேன். டீலர் திருப்பிய சீட்டு எட்டு, மொத்தம் பதினேழு. பேசாமல் நின்றிருந்தால் வென்றிருப்பேன். “சரியாத்தான் ஆடினே” என்று கை குலுக்கினார் வால்டர். சரியாகச் செய்து தோற்ற ஒருவனிடம் அதைச் சொல்லிவிட்டுப் போக இந்த ஊரில் ஒருவர் இருந்தார். திங்கட்கிழமை மீட்டிங்கில், “எனக்குத் தெரியலை, பார்த்துச் சொல்றேன்” என்றேன். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அறை கிடைக்காததால் அப்பாவையும் அம்மாவையும் பகல் பஸ்ஸில் கூட்டிப்போனேன். கடலோரப் பலகை நடைபாதையில் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, “இவ்வளவு தண்ணி. ஒரு வாய் குடிக்க முடியாதுங்கிற” என்றார். அட்டையைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

“பிட்டுன்னு தெரிஞ்சுமா பாக்கச் சொன்னாங்க?”

“அவங்களேதான்ப்பா சொன்னாங்க.”

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயிலில் பளபளத்த அந்த அட்டை மேல் அவருடைய பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. துடைக்காமல் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.