நாரைத் தெருவின் மாப்பிள்ளை அழைப்பு

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பறவைகளைக் கணக்கெடுக்கப் போனபோது ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். நல்ல உயரம், வெளிர்நீலப் பட்டு. அவர் குடியிருந்த தெருவின் புளியமரங்களில் நத்தைகுத்தி நாரைகள் குஞ்சு பொரித்திருந்தன. தலையில் எச்சம் விழுந்தால் அண்ணாந்துகூடப் பார்க்காமல் முந்தானையால் துடைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்வார்.

மாப்பிள்ளை வீட்டார் தவிலோடு வந்து தெருமுனையில் சரவெடியை விரித்தார்கள். பெண்ணின் அம்மா ஓடிப்போய் அதன்மேல் நின்றார்.

“வேணாம் சம்மந்தி. மேல குஞ்சுங்க கீது. வெடிச்சா தாயிங்க வுட்டுட்டுப் பூடும்.”

“இன்னாம்மா, சாவுக்கே வெடி போடுறோம். எம்புள்ள கல்யாணத்துக்கு இல்லயா? வண்டியத் திருப்புங்கடா” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“இந்தத் தெருவுல சாவுக்கும் போட மாட்டோம். எங்க வூட்டுக்காரரையே மேளமில்லாமத்தான் தூக்கினு போனாங்க. தோ, இவங்கதான் தூக்கினாங்க.”

பின்னால் தெருவே திரண்டு நின்றது. மாப்பிள்ளையின் அப்பா வெகுநேரம் மரத்தைப் பார்த்தார். பிறகு சரத்தைச் சுருட்டச் சொன்னார்.

மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி நடந்தார். தவில்காரர்கள் தவிலைத் தோளில் மாட்டியபடி சும்மா வந்தார்கள். மேலே நாரைகளின் அலகுச் சத்தம். ஓரிடத்தில் சேர்ந்து வாழும் உயிர்களை உயிரினச் சமுதாயம் என்று என் அறிக்கைகளில் பலமுறை எழுதியிருக்கிறேன். அது நடந்து வருவதை அன்றுதான் பார்த்தேன். சத்தம் எழாதிருக்க நானும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.